நடுவில் மூன்றடி

பதினோரு மாதமாக ஒருவரோடொருவர் பேசாத அக்காவும் தம்பியும், அன்று காலை பதினொன்று பத்துக்கு, பல் டாக்டர் வீட்டு ஹாலின் நட்டநடுவில் முதுகோடு முதுகு முட்டிக்கொண்டார்கள்.

பலமான முட்டல் இல்லை. இருவரும் மண்டி போட்டபடி, கையில் துணியோடு, பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோலத்தில் யாரும் யாரையும் பலமாக முட்டிவிட முடியாது. ஆனாலும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகுக்குப் பின்னால் இருப்பது சுவர் அல்ல, தம்பிதான் என்று உறைக்க இரண்டு விநாடி ஆயிற்று. உறைத்ததும், பதினோரு மாதப் பழக்கப்படி, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு இன்னொன்றும் உறைத்தது.

அவளுக்கு முன்னால், வாசல் கதவு வரை இருபது அடிக்கு, அவள் எண்ணெய் பூசித் துடைத்த தரை. பின்னால், பின்கதவு வரை இருபது அடிக்கு, தம்பி எண்ணெய் பூசித் துடைத்த தரை. நடுவில் பூசாத ஓடு மூன்றடி அகலம். அதன் ஒரு முனையில் கம்பி போட்ட ஜன்னல். மறுமுனையில் சுவர். அந்த மூன்றடிக்குள் இருவரும்.

சாயங்காலம் வரை தரையில் கால் வைக்கக் கூடாது.

சென்ற வாரம் முழுக்க இந்த ஹாலுக்கு எண்ணெய் குடிக்கக் கொடுத்தார்கள். குடிக்க என்பது மிகையில்லை. கையால் தட்டிச் சூளையில் சுட்ட மண் ஓடு ஆயுள் முழுக்கத் தாகத்தில் இருக்கும். தண்ணீர் ஊற்றினால் தண்ணீரைக் குடிக்கும், மை கொட்டினால் மையைக் குடிக்கும். எண்ணெய் காணாத ஓட்டில் சிந்திய ஒரு சொட்டு காபி அந்த வீட்டின் பரம்பரைச் சொத்து. ஆகவே அது கண்டதையும் குடிப்பதற்கு முன்னால், ஆளிவிதை எண்ணெயை டர்பன்டைனில் கலந்து வயிறு முட்டக் கொடுத்து, அதன்மேல் தேன்மெழுகு பூசித் தேய்த்துவிடுவது இவர்கள் தொழில். ஒன்பது வருஷமாக அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். சேர்ந்து என்று கடைப் பலகையில் எழுதியிருக்கிறது.

முதல் இரண்டு கோட் எண்ணெயை ஓடு மடமடவென்று உறிஞ்சிவிடும். ஓர் ஆள் போதும். அக்கா ஒரு நாள், தம்பி ஒரு நாள் என்று முகம் பார்க்காமலே முடித்துவிட்டார்கள். மூன்றாவது கோட் அப்படியல்ல. வயிறு நிறைந்த ஓடு எண்ணெயை மேலேயே வைத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கால் மணி நேரத்துக்குள் துடைத்தெடுக்காவிட்டால் பிசின் மாதிரி ஆகி, நடப்பவர் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும். நாற்பத்து மூன்றடி ஹாலுக்கு இரண்டு ஆள் வேண்டியே வேண்டும்.

எனவே இரண்டு ஆளும் வந்தார்கள். எந்தக் கதவில் ஆரம்பித்து எந்தக் கதவு வழியாக வெளியே போவது என்று ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தை யார் முதலில் பேசுவது என்பதுதான் பதினோரு மாதமாக முடிவாகவில்லை.

அக்கா கைபேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். இந்தப் பதினோரு மாதமும் இவர்கள் குடும்பம் நடந்தது இந்த வழியில்தான்.

அம்மாவுக்குத் தையற்கடை. தையல் மெஷின் கடகடவென்று முதலில் வந்தது, பின்னாலேயே குரல் வந்தது.

"என்னடி, முடிஞ்சுதா?"

"அம்மா, அவன்கிட்டக் கேளு. எதுக்குப் பின்கதவுலேர்ந்து ஆரம்பிச்சான்னு."

"ஏன்டா, எதுக்குப் பின்கதவுலேர்ந்து ஆரம்பிச்சேன்னு கேக்கறா."

"காதுல விழுந்துச்சும்மா," என்றான் தம்பி. "மூணடி தூரத்துலதான் உக்காந்திருக்கா. எப்பவும் வாசல் வழியாத்தானே வெளிய வருவோம், அதான் உள்ளேர்ந்து ஆரம்பிச்சேன்னு சொல்லு."

"அதெல்லாம் கதவு ஒண்ணே ஒண்ணு இருக்கற வீட்டுல. இங்க குழாய் பின்பக்கம் இருக்கு. குழாய் எங்க இருக்கோ அங்க முடிக்கணும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்னு சொல்லும்மா."

"குழாய நெனச்சுக்கிட்டே வந்தவ, பின்னால ஒரு ஆள் வர்றத ஏன் பாக்கலைன்னு கேளும்மா."

"அவன் மட்டும் பாத்தானா?"

மெஷின் நின்றது. "நீங்க பேசறத நான் திருப்பிச் சொல்லணுமா, இல்ல கேட்டுக்கிட்டிருந்தா மட்டும் போதுமா?" என்றாள் அம்மா. "எனக்கு ரெண்டு காலர் பாக்கி இருக்கு."

கடையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கால்சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்த போஸ்ட்மாஸ்டர். "பலகை ஏதாவது இருந்தா போட்டு, அது மேல நடந்து வந்துடலாமே" என்று அவர் ஒரு யோசனை சொன்னார்.

"பலகைத் தடம் விழும் சார்," என்றார்கள் அக்காவும் தம்பியும் ஒரே குரலில்.

ஒரே குரலில் வந்ததற்கு இருவருமே வருத்தப்பட்டார்கள்.

"ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணா உக்காந்திருக்கணும்னு சொல்றீங்க, அப்படித்தானே," என்றாள் அம்மா. அவள் குரலில் வருத்தத்தின் நிழல்கூட இல்லை. "அப்ப நான் எதுக்கு நடுவுல? வெக்கறேன்." வைத்துவிட்டாள்.

அக்கா சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். தம்பி ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தான். ஹாலின் அகலம் இருபதடி; அதற்குள் அதிகபட்சம் எவ்வளவு தள்ளி உட்காரலாமோ அவ்வளவு.

தரை என்னவோ அழகாகத்தான் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த ஓடாக இருந்தால் ஒரே நிறத்தில் கிடந்திருக்கும். இது கையால் தட்டியது. ஒன்று செங்காவி, பக்கத்தில் ஒன்று முற்றின பூசணி நிறம், அதற்கடுத்தது சூளையில் கொஞ்சம் அதிகமாக வெந்து மாநிறம். ஓர் ஓட்டில் ஏதோ ஒரு நாய் நடந்துபோன தடம்கூட இருந்தது. எண்ணெய் ஏறியதும் ஒவ்வொன்றும் குளித்துவிட்டு வந்த மாதிரி தெளிந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அக்கா சத்தமாகவே ரசித்திருப்பாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு பஸ். தம்பி அதில் ஏறி, இரவெல்லாம் விளக்கெரியும் ஓர் ஓட்டுத் தொழிற்சாலைக்கு மேற்பார்வையாளனாகப் போகிறான். அங்கே ஓடுகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று பெட்டி பெட்டியாக இறங்குமாம். எண்ணெயும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். இதை அவன் அம்மாவிடம் சொன்னான். அம்மா அக்காவிடம் சொன்னாள்.

போகட்டும் என்று அவள் விட்டிருப்பாள். ஆனால் அவளிடம் ஒன்று இருந்தது. பதினோரு மாதமாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. நாளைக் காலை ஏழு மணிக்குள் அதை அவனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவன் இன்னும் வேகமாக பஸ் ஏறுவான். சொல்லாவிட்டால் அவன் பொய்யான காரணத்துக்காக ஏறுவான்.

கதை தெரியாதவர்களுக்கு: வக்கீல் ஒருவர் வீட்டில் தரை போட்டார்கள். தம்பி எண்ணெய் பூசினான். மூன்றே வாரத்தில் ஓடுகளின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து, யாரோ மாவு மூட்டையை உதறின மாதிரி ஆகிவிட்டது. அடியில் ஈரம் இருக்கும்போதே பூசினால் அப்படித்தான் ஆகும். வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார். அப்போது அக்கா, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "தம்பி கொஞ்சம் அவசரப்பட்டுட்டான் சார்," என்றாள். தம்பி தலையைக் குனிந்தான். வீட்டில் சின்ன வயதிலிருந்தே அவன் பெயர் அவசரம்தான். அவனே நம்பிவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

சொல்ல வேண்டியதை அவள் நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தாள். 'தொழில் என்று வந்துவிட்டால் யாருக்கும் கை தவறும்' என்று பொதுவாக ஆரம்பித்து, வானிலை, வக்கீலின் குணம், அந்த வருஷத்து மழை என்று சுற்றி, விஷயத்தைக் கடைசியில் நைசாக நுழைப்பதாகத் திட்டம்.

"அந்தப் பிளாஸ்டிக் தாள நான் சாயங்காலமே உரிச்சுட்டேன்," என்றாள்.

ஒத்திகையெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

தம்பி திரும்பினான். அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"எந்தப் பிளாஸ்டிக் தாள்?"

பதினோரு மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவன் நேராகச் சொன்ன முதல் மூன்று வார்த்தைகள். மூன்றும் பிளாஸ்டிக் சம்பந்தமானவை. பரவாயில்லை, அவள் உடம்பு சிலிர்த்தது.

"வக்கீல் வீட்டுல. ஈரம் இருக்கான்னு பாக்க ஒட்டினோமே. ராத்திரி முழுக்க விட்டு, காலைல அடியில வேர்த்திருக்கான்னு பாக்கணும்ல. நான் சாயங்காலமே எடுத்துட்டேன்."

"நீ காலைல பாத்ததா சொன்னே."

"சொன்னேன்."

"காஞ்சிருக்கு, தைரியமாப் பூசுன்னு சொன்னே."

"ஆமா."

"ஏன் எடுத்தே?"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

"மழைக்கும் தாளுக்கும் என்ன?"

அக்கா சுவரைப் பார்த்தாள். "ஸ்கூட்டர் சீட்டு நனைஞ்சிடும்னு அதுக்குப் போட்டேன்."

தம்பியின் மூக்கு மெல்ல விடைத்தது. அக்கா தயாரானாள். எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று மனசைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன வாடை அது?" என்றான் அவன்.

அவளுக்கும் அப்போதுதான் மூக்கில் ஏறியது. காறிப்போன எண்ணெயை அடுப்பில் மறந்துவிட்ட மாதிரி ஒரு நெடி. இருவரும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் பார்த்தார்கள்.

வாசல் கதவுக்கு வெளியே, நல்ல வெயிலில், ஓர் அட்டைப்பெட்டி. அக்கா காலையிலிருந்து எண்ணெய்த் துணிகளை ஒவ்வொன்றாகப் பந்தாகச் சுருட்டி அதற்குள் எறிந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் எறிபந்து ஆடியவள். இருபதடியிலிருந்தும் ஒன்றுகூடத் தவறவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது அந்தப் பெட்டியின் மூலையிலிருந்து, ஊதுவத்திப் புகை மாதிரி, நூலாக ஒரு புகை மேலே போய்க்கொண்டிருந்தது.

இந்த எண்ணெயின் குணமே அதுதான். காயும்போது சூடேறும். தரையில் பரவிக் கிடந்தால் சூடு காற்றோடு போய்விடும். துணியைச் சுருட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்துவைத்தால், போக வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறி ஏறி, தீக்குச்சியின் உதவி இல்லாமல் பற்றிக்கொள்ளும். அதனால்தான் துணியைத் தண்ணீர் பக்கெட்டில் போட வேண்டும் என்பது இவர்கள் கம்பெனியின் முதல் சட்டம். சட்டத்தை எழுதியவள் அக்கா.

"பக்கெட் எங்க?" என்றான் தம்பி.

"பக்கெட் எப்பவும் நீதானே வெப்பே?"

"என் கதவுல வெச்சிருக்கேன். உன் கதவுல நீ வெக்கலையா?"

ஒன்பது வருஷமாக பக்கெட் வைப்பது தம்பி வேலை. அதனால் பக்கெட் என்று ஒன்று இருப்பதே அவள் மனசில் வேலையாகப் பதிந்ததில்லை. தனித்தனியாக வேலைக்குப் போன இந்தப் பதினோரு மாதமும் ஓர் ஆளே முடிக்கிற சின்னச் சின்ன வேலைகள். துணியும் கொஞ்சம்தான். தப்பித்தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் டர்பன்டைன் டின் இருந்தது. அதற்குப் பக்கத்தில் டாக்டர் நோயாளிகளுக்காகப் புதிதாகச் செய்வித்த மர பெஞ்சுகள் எட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக.

அக்கா எழுந்துவிட்டாள். ஆனால் கால் வரவில்லை. ஈரத் தரையில் கால் வைத்தவர்களை ஒன்பது வருஷமாகத் திட்டிய கால். அது மூன்றடியின் விளிம்பில் நின்று யோசித்தது.

தம்பி யோசிக்கவில்லை. அவன் பெயருக்கு ஏற்றபடி ஓடினான். அவள் ஐந்து மணி நேரம் பூசித் துடைத்த தரையில் சளக் சளக்கென்று கால் பதித்து, வாசலைப் பார்த்து ஓடினான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் அக்காவுக்கு இந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. தண்ணீர் இருப்பது பின்கதவில். அவளும் ஓடினாள். தம்பி ஐந்து மணி நேரம் பூசித் துடைத்த தரையில் ஓடினாள். பாதித் தூரத்தில் கைபேசி அடித்தது.

"என்னடி, ஏதாவது பேசினானா?"

"தீப்பிடிச்சிருச்சும்மா, அப்புறம் கூப்பிடறேன்," என்று சொல்லி வைத்தாள். வைக்கிற அவசரத்தில் கால் வழுக்கி, கடைசி நாலடியை ஓடாமலே கடந்து, கதவு நிலையைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

பக்கெட் இருந்தது. முக்கால் பக்கெட் தண்ணீர், அதற்குள் தம்பியின் துணிகள் சாதுவாக ஊறிக்கொண்டிருந்தன. தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள். பக்கவாட்டில் ஒரு குறுகின சந்து. பூந்தொட்டிகள், ஒரு சைக்கிள், தண்ணீர் மோட்டார். எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டாள். எதற்கும் நிற்கவில்லை.

வாசலுக்கு வந்தபோது தம்பி பெட்டியை உதைத்து முற்றத்தின் நடுவுக்குத் தள்ளியிருந்தான். விழுந்த வேகத்தில் பெட்டி வாயைப் பிளந்தது. உள்ளே காற்றுப் புகுந்ததும் அதற்காகவே காத்திருந்த மாதிரி குப்பென்று முழங்கால் உயரத்துக்குத் தீ எழுந்தது. தம்பி டர்பன்டைன் டின்னை இடுப்பில் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு தெருவோரம் நின்றிருந்தான்.

"ஊத்து, ஊத்து. பக்கத்துல போகாம ஊத்து."

அக்கா ஊற்றினாள். தண்ணீரும் துணிகளும் சேர்ந்து விழுந்தன. உஸ்ஸென்று ஒரு சத்தம். கறுப்பாக ஒரு புகை. பிறகு ஒன்றுமில்லை. தம்பி ஒரு குச்சியால் கிளறி, ஒவ்வொரு துணியாகப் பிரித்துத் தரையில் விரித்தான். நடுவில் இருந்த துணிகள் கரியாகியிருந்தன. தொட்டுப் பார்த்துக் கையை உதறினான்.

அக்காவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அதில் பயம் பாதிதான். மீதிப் பாதி என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது.

இருவரும் வாசற்படியில் நின்று ஹாலைப் பார்த்தார்கள்.

வாசலிலிருந்து நடு வரைக்கும் தம்பியின் பாதங்கள் பதினொன்று. நடுவிலிருந்து பின்கதவு வரைக்கும் அக்காவின் பாதங்கள் ஒன்பதும், அதற்கப்புறம் நாலடிக்கு ஒரு நீண்ட வழுக்கலும். விரல்கள் உட்படத் தெளிவாக இருந்தன. போலீஸ்காரர் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"டாக்டர் நாலு மணிக்கு வர்றாரு," என்றாள் அக்கா.

"தெரியும்."

"காஞ்சுட்டா எடுக்க முடியாது."

"அதுவும் தெரியும்." தம்பி டின்னைக் கீழே வைத்தான். "எந்தக் கதவு?"

அந்த இரண்டு வார்த்தையைக் காலை ஆறு மணிக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

"நடுவுலேர்ந்து ஆரம்பிப்போம்," என்றாள். "டர்பன்டைன் தொட்டுத் துடைச்சு, மேலோட்டமா எண்ணெய். நான் வாசலுக்கு, நீ பின்னாடிக்கு."

"துணி?"

"ரெண்டு கதவுலயும் பக்கெட்."

"யார் வெக்கறது?"

"நான்," என்றாள் அக்கா.

வைத்தாள். இரண்டையும் தளும்பத் தளும்ப வைத்தாள்.

நடுவிலிருந்த மூன்றடியில் மறுபடியும் மண்டி போட்டார்கள். இந்தத் தடவை பின்பக்கமாக நகர்வது கதவுகளை நோக்கி. ஆகவே முகம் பார்த்துத்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை, தொழிலின் அமைப்பு அப்படி.

முதல் ஓட்டைத் துடைத்தான் தம்பி. இரண்டாவதைத் துடைத்தான். மூன்றாவதில் வாயைத் திறந்தான்.

"ஸ்கூட்டர் சீட்டு."

"ஆமா."

"சீட்டு நனைஞ்சா என்ன, கரைஞ்சா போயிடும்? ஒரு துணியால தொடச்சா போற சீட்டுக்கு ஒரு வீட்டுத் தரைய... எனக்குப் புரியல. எனக்கு நெஜமாவே புரியல."

அதற்கப்புறம் அவன் நிறுத்தவில்லை. பதினோரு மாதச் சேமிப்பு. வக்கீல் வீட்டில் ஆரம்பித்தான். அவள் வண்டி ஓட்டுகிற விதத்துக்குப் போனான். சின்ன வயதில் அவள் உடைத்துவிட்டு அவன் பேரில் போட்ட ஒரு கண்ணாடி ஜாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கை மட்டும் ஒரு சீராக ஓடிக்கொண்டே இருந்தது. டர்பன்டைன் துணி, எண்ணெய்த் துணி, காய்ந்த துணி. அவன் பாதம் பட்ட இடத்தில் அவள் துடைத்தாள், அவள் பாதம் பட்ட இடத்தில் அவன் துடைத்தான்.

இருவரும் பின்னால் நகர நகர இடைவெளி பெரிதாயிற்று. இடைவெளி பெரிதாக ஆக அவன் குரலும் பெரிதாயிற்று. பத்தடியில் பேச்சாக இருந்தது, இருபதடியில் திட்டாக ஆயிற்று, முப்பதடியில் தெருவுக்கே கேட்டது.

"அதுக்கப்புறம் நான் போன ஒவ்வொரு வீட்டுலயும் மூணு தாள் ஒட்டினேன். மூணு ராத்திரி. காஞ்சு கல்லு மாதிரி இருக்கற தரைக்கு மூணு ராத்திரி. எல்லாரும் என்னைப் பைத்தியம்னு நெனச்சாங்க. எனக்கே என் கையை நம்ப முடியல. தொட்டுப் பாத்தா ஈரம் தெரியற கை இது. அதையே நான் நம்பல. அதனாலதான் அந்த ஃபேக்டரிக்கு எழுதிப் போட்டேன். பெட்டியப் பிரி, அடுக்கு, எண்ணு. அதுல தப்பு பண்ணணும்னாகூடப் பண்ண முடியாது."

அக்காவின் கை நின்றுவிட்டது.

அவன் கோபித்துக்கொண்டு போகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். கோபத்துக்கு அவளிடம் மருந்து இருந்தது. இதற்கு இல்லை.

"உன் கை தப்பு பண்ணல," என்றாள்.

"என்ன? கேக்கல."

"உன் கை தப்பு பண்ணலடா," என்று அவளும் கத்தினாள். "என் வாய்தான் பண்ணுச்சு."

"அங்க ஒரு பெருவிரல் விட்டுட்டே பாரு. வலது பக்கம். சுட்டிக் காட்டறேன்ல, அதேதான். துடை."

துடைத்தாள். கண் கலங்கியிருந்ததால் இரண்டு தடவை துடைத்தாள்.

இந்தக் கத்தலுக்கு நடுவில்தான் அம்மா வந்து இறங்கினாள். கழுத்தில் அளவு நாடா. கையில், கடையில் தீ விபத்துக்கென்று மாட்டிவைத்திருந்த சிவப்பு மணல் வாளி. பின்னாலேயே பாதி அளவு எடுத்த போஸ்ட்மாஸ்டர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு குடத்தோடு.

அம்மா வாசல் கேட் அருகே நின்று காது கொடுத்தாள். உள்ளே மகன் கத்திக்கொண்டிருந்தான். மகள் பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"என்னம்மா, இப்படிச் சண்டை போடறாங்க," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

"ஆமா சார், போடறாங்க," என்றாள் அம்மா, மகள் பரிசு வாங்கிவிட்டாள் என்று சொல்கிற குரலில். மணல் வாளியைக் கீழே வைத்து, அதன் விளிம்பிலேயே உட்கார்ந்துகொண்டாள். "நீங்க கெளம்புங்க. நாளைக்கு வாங்க, மிச்ச அளவு எடுக்கறேன்."

மூன்று மணிக்கு முடிந்தது. அக்கா வாசல் வழியாக வெளியே வந்தாள், தம்பி பின்கதவு வழியாக வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். தரையில் ஒரு விரல்கூட மிச்சமில்லை, நாயினுடையதைத் தவிர. துணிகள் கம்பியில் தனித்தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். படியில் நின்று ஹாலை எட்டிப் பார்த்தார். பிறகு முற்றத்தின் நடுவில் இருந்த கரியைப் பார்த்தார். பிறகு மணல் வாளி மேல் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பல் டாக்டர்களுக்கு எதையும் சட்டென்று கேட்கிற பழக்கமில்லை.

"ஏதோ கருகின வாடை வருதே," என்றார் மெதுவாக.

தம்பி வாயைத் திறந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"துணி பத்திக்கிச்சு டாக்டர். தண்ணியில போடாம பெட்டியில போட்டது நான். தம்பி பாத்து ஓடலைன்னா உங்க பெஞ்சும் போயிருக்கும். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. மொத்தமும் என்னோடது."

சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கவில்லை. தம்பியையும் பார்க்கவில்லை. அவன் கை தன் கைக்குள் அசையாமல் இருந்தது மட்டும் தெரிந்தது.

டாக்டர் போய் பெஞ்சுகளை எண்ணினார். எட்டும் இருந்தன. "தரை நல்லாத்தான் வந்திருக்கு," என்றார். "ஆனா நான் இன்னும் கொஞ்சம் மினுமினுப்பா எதிர்பார்த்தேன்."

"மெழுகு போட்டுத் தேச்சா வந்துடும் டாக்டர்," என்றான் தம்பி. "நாளன்னைக்குக் காலைல வந்து போடறோம்."

டாக்டர் தலையாட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். அம்மா சட்டென்று வானத்தைப் பார்த்தாள், அதில் ஏதோ முக்கியமாக இருப்பது போல.

அக்கா நாளன்னைக்கு என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. இந்தத் தடவை ஒத்திகை பார்க்க நேரமும் இல்லை.

"நாளைக்கு ஏழு மணிக்கு பஸ்ஸுன்னு அம்மா சொன்னாளே," என்றாள்.

தம்பி கம்பியில் இருந்த ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். விரல் விரலாக, அவசரமே இல்லாமல் துடைத்தான்.

"இன்னும் திட்டி முடியல," என்றான்.

"ஏழு மணிக்குள்ள முடிஞ்சிடுமா?"

"நீ குறுக்க பேசாம இருந்தா முடியும்."

விடிய விடியக் குறுக்கே பேசுவது என்று அக்கா அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.